முயலின் குரலுக்கு வந்தவர்கள்

முயல் கத்திக் கேட்டவர்கள் குறைவு. அநேகமாக ஆயுசு முழுக்க வாய் திறக்காத பிராணி அது. கண்ணியில் கால் மாட்டும்போதோ, கழுத்தில் பல் பதியும்போதோதான் கத்தும். பச்சைக்குழந்தை வீறிட்டு அழுவதுபோல இருக்கும் அந்தச் சத்தம். கேட்கிற நமக்கு வயிற்றைப் பிசையும். நரிக்கோ அது இரை கிடக்கிற இடத்தைக் காட்டிக்கொடுக்கும். அதனால் நரி பிடிப்பவர்கள் பல நாடுகளில் இந்தக் குரலைப் பழகி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கொயோட்டி என்ற, நம் நரிக்கு உறவான விலங்கை வரவழைக்க இதற்கென்றே ஊதல்கள் விற்கிறார்கள். பாட்டரியில் ஓடும் ஒலிபெருக்கிகளும் உண்டு. நம் ஊர்க்காரர்களுக்கு உதடும் புறங்கையும் போதும்.

அந்தப் புறங்கை வித்தையை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது திருவண்ணாமலையில், ரமணாசிரமத்தைத் தாண்டி, மலையடிவாரத்தில் நண்பர் ஒருவரின் கொல்லையில். செய்து காட்டியவர் நரிக்குறவர் பெரியவர் ஒருவர். கிரிவலப் பாதையில் பாசிமணியும் ஊசியும் விற்பவர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி பார்த்துப் பேசிப் பழக்கம். வயதைக் கேட்டால் சிரிப்பார். அப்பாவோடு வலை தூக்கிக்கொண்டு நரிக்குப் போன பையன் என்பதை மட்டும் சொல்வார். "கூப்புடறது அப்பன், வலையைப் பிடிக்கறது நானு" என்பார்.

நரிக்குறவர்களை எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் வெளியிட்ட தம் ஏழு தொகுதிகளில் குருவிக்காரர் என்ற பெயரில் சேர்த்திருக்கிறார். வீட்டில் பேசுவது வாக்ரிபோலி. தெருவில் தமிழ். காடை, கௌதாரி, கொக்கு, நரி என்று எதன் குரலையும் தொண்டையில் வைத்திருந்த கூட்டம். பசிதான் அவர்களுக்கு அந்தப் பாடத்தை நடத்தியது. குரல் பிசகினால் அன்றைக்குச் சோறு இல்லை. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அந்தத் தொழில் குற்றமாயிற்று. கொல்வது மட்டுமில்லை, பிடிப்பது, கண்ணி வைப்பது, இரை காட்டி இழுப்பது எல்லாமே அந்தச் சட்டத்தில் வேட்டைதான். சட்டம் வந்தது சரி என்பதே என் எண்ணம். ஆனால் வேட்டையை நிறுத்தச் சொன்ன வேகத்தில் பாதி வேகமாவது மாற்றுப் பிழைப்பு தருவதில் இருந்திருக்கலாம். பழங்குடிப் பட்டியலில் அவர்களைச் சேர்க்கும் திருத்தத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2022 டிசம்பரில். இரண்டுக்கும் நடுவே ஐம்பது வருடம்.

தை மாதக் கடைசி. வெயில் சாய்ந்து மலையின் தென்முகம் மஞ்சளாகியிருந்தது. பெரியவர் முதலில் செய்த காரியம், குனிந்து ஒரு சிட்டிகைப் புழுதியை எடுத்து விட்டுப் பார்த்தது. காற்று கிழக்கிலிருந்து வந்தது. நரி நேராக வராதாம். சுற்றி வளைத்து, காற்று தன் மூக்குக்கு அடிக்கிற பக்கமாக வந்து மோப்பம் பிடித்த பிறகுதான் கிட்டே நெருங்கும். ஆகவே மேற்கே வெட்டவெளி தெரிகிற மாதிரி ஒரு பாறைக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தோம். என் வெள்ளைத் துண்டை மடித்து மடிக்குள் வைக்கச் சொன்னார். செல்போனை அணைக்கச் சொன்னார். இருமல் வந்தால் இப்போதே இருமிவிடுங்கள் சாமி என்றார்.

பிறகு இடது புறங்கையை நாக்கால் நனைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள தோலில் உதட்டைப் பதித்து உறிஞ்சினார். முதலில் மெல்லிசாக ஒரு கீச்சு. அது ஏறி, கிழிந்து, நடுங்கி, சட்டென்று அறுந்தது. மறுபடி தொடங்கியபோது குரல் கொஞ்சம் தாழ்ந்து, மூச்சு வாங்குவதுபோல இருந்தது. வலது கையைக் குவித்து வாயருகே திறந்தும் மூடியும் சத்தத்தைத் தூரமாகவும் கிட்டத்திலும் காட்டினார். பார்த்துக்கொண்டே இருந்தும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. நாலு மூச்சு கத்திவிட்டு நிறுத்தினார். ஏன் என்று கண்ணால் கேட்டேன். "உசுரு விட்டு விட்டுத்தான் சாமி போகும்" என்று காதோடு சொன்னார்.

முதலில் வந்தவை தவிட்டுக்குருவிகள். கூட்டமாக வேலி முள்ளில் இறங்கி ஏக வசவு. யாரோ யாரையோ கொல்கிறார்கள் என்று அவற்றுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்து ஒரு கரிச்சான் வந்து எங்கள் தலைக்கு மேல் பறந்து பறந்து கத்தியது. இரண்டு காகங்கள். அப்புறம் ஒரு செம்போத்து, பறக்காமல், புதருக்கடியில் நடந்து நடந்து வந்தது. குஞ்சு கிடைத்தாலும் விடாத பறவை அது. அதன் கணக்கு வேறு. வரப்பில் ஒரு கீரி பின்னங்காலில் எழுந்து நின்று, எங்களைப் பார்த்துவிட்டு, பார்த்தது பிடிக்காமல் இறங்கிப் போயிற்று. நரி இருக்கிற மாதிரியே தெரியவில்லை.

மூன்றாம் தடவையோ நான்காம் தடவையோ அவர் கூப்பிட்டு நிறுத்தியபோது மலைப் பக்கத்து முள்ளுக்காடு அசைந்தது. வந்தது ஒரு பெண் புள்ளிமான். தயங்கித் தயங்கி வரவில்லை. விறுவிறுவென்று நடந்து, சத்தம் வந்த திசையை விட்டுக் கண் எடுக்காமல் வந்தது. பத்துப் பன்னிரண்டு முழத் தூரத்தில் நின்றது. இரண்டு காதும் முன்னால் மடங்கியிருந்தன. மூக்கு ஈரமாகப் பளபளத்தது. கழுத்தின் வெள்ளை, மடியின் கனம், முன்னங்காலில் ஒட்டியிருந்த நாயுருவி விதை வரை தெரிந்தது. எங்களைப் பார்த்துவிட்டது. மனிதர்கள் என்றும் புரிந்துகொண்டது. அப்படியும் ஓடவில்லை. முன்னங்காலைத் தூக்கித் தரையில் ஓங்கி ஒரு தட்டு. மறுபடி ஒரு தட்டு.

பெரியவரின் கை வாயிலிருந்து தானாக இறங்கியது. "தாய் சாமி" என்றார். "எங்கயோ குட்டியைப் படுக்க வச்சிட்டு வந்திருக்குது. போதும், எந்திரிங்க."

நாங்கள் எழுவதற்குள் ரோட்டுப் பக்கமிருந்து நாய்கள் வந்துவிட்டன. நாலைந்து தெருநாய்கள், அதே குரலைக் கேட்டு, குரைக்காமல், ஓட்டமாக. பெரியவர் அந்த வயதில் அப்படிப் பாய்வார் என்று நான் நினைக்கவில்லை. மண்ணாங்கட்டியை வாரி எறிந்து, கம்பைச் சுழற்றி, தம் பாஷையில் ஏதோ கத்திக்கொண்டு நாய்களுக்கும் மானுக்கும் குறுக்கே போய் நின்றார். மான் ஒரு கூவல் போட்டு, வாலின் வெள்ளையைத் தூக்கிக்கொண்டு மலைக்குள் போயிற்று. நாய்கள் கொஞ்ச நேரம் உறுமிவிட்டுத் திரும்பின. அவர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "நரியைத்தான் கூப்புட்டேன். காது எல்லாத்துக்கும் இருக்குதே."

புல் தின்னும் மான், முயல் சாகிற சத்தத்துக்கு எதற்கு வரவேண்டும்? இதைக் கனடாவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வின்னிபெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூசன் லிங்கிள், டோபியாஸ் ரீடி என்பவரோடு சேர்ந்து 2014இல் வெளியிட்ட ஆய்வு அது. புல்வெளியில் ஒலிபெருக்கியை மறைத்து வைத்து, பல பிராணிகளின் குட்டிகள் அலறும் குரலைப் பதிவிலிருந்து ஒலிக்க விட்டார்கள். கடல்நாய்க் குட்டி, பூனைக்குட்டி, வௌவால் குட்டி, மனிதக் குழந்தை உட்பட. தாய் மான்கள் ஒலிபெருக்கியை நோக்கி வந்தன. குரலின் சுருதி மான்குட்டியின் சுருதிக்கு அருகே இருந்தால் போதும், எந்தச் சாதியின் குட்டி என்று அவை பார்க்கவில்லை. தன் குட்டிதானா என்று யோசித்து நிற்கிற நேரத்தில் நரி தின்றுவிடும். அதனால் முதலில் ஓடி வந்துவிட வேண்டும், பிறகுதான் பார்க்க வேண்டும். நம் கொல்லையில் காலைத் தட்டி நின்ற அந்த மானும் இதே காரணத்துக்காகத்தான் வந்திருக்கும் என்று நம்புகிறேன். பெரியவர் அந்த ஆய்வைப் படித்தவரல்லர். "தாய்" என்ற ஒரு சொல்லில் முடித்துவிட்டார்.

கூப்பிடுகிறவனையே தேடி விலங்கை வரவைக்கும் குரல்களும் உண்டு. வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் 1938 நவம்பர் 30 அன்று குமாவுன் மலையில், தாக் கிராமத்து ஆட்கொல்லிப் பெண்புலியை ஆண்புலியின் குரலில் அழைத்தார். கென்னத் ஆண்டர்சன் அதே வித்தையை இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்து ஜவளகிரியில் செய்தார். இணை தேடி வந்த இரண்டு புலிகளும் சுடப்பட்டன. ஆட்கொல்லிகளைச் சுட்டதில் எனக்குக் குறை இல்லை. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த காலம் அது. ஆனாலும் அவர்கள் எழுதிய அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது மனசு இடறுவது, வந்த புலி நம்பி வந்தது என்ற இடத்தில்தான்.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்று இதே மலையில் உண்டு. ரமண மகரிஷி இங்கே மலையில் தங்கியிருந்த நாட்களில் ஒரு சிறுத்தை பக்கத்தில் தண்ணீர் குடிக்க வரும் என்று ஆசிரம நூல்கள் சொல்கின்றன. வரும்போது ஒரு உறுமல், போகும்போது ஒரு உறுமல். கூட இருந்தவர்கள் பயந்து, சத்தம் போட்டு விரட்டலாமா என்று பார்த்தார்கள். அது வருவதையும் போவதையும் சொல்லிவிட்டுத்தானே செய்கிறது, இருக்கட்டும் என்பது ரமணரின் போக்கு. அங்கே குரல் கொடுத்தது விலங்கு. மனிதர் செய்ய வேண்டியிருந்தது கேட்பது மட்டும். ஆசிரமத்துக்குள் பசு லட்சுமியின் சமாதிக்குப் பக்கத்தில் வள்ளி என்ற மானுக்கும், ஒரு காகத்துக்கும், ஜாக்கி என்ற நாய்க்கும் சமாதி இருக்கிறது. லட்சுமி இறந்தது 1948 ஜூன் 18. இன்றைக்கும் அங்கே நின்று கும்பிட்டுப் போகிறவர்கள் நிறைய. கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் அதே ஊரில் மானை நாய் துரத்துகிறது.

நாயைக் குறை சொல்லி என்ன? கிரிவலம் வருகிறவர்கள் வீசும் எச்சில் இலையில் பெருகிய கூட்டம். மான் பெருகியதற்குக் காரணம் நல்லது. ஒரு காலத்தில் எரிந்து எரிந்து மொட்டையாய்க் கிடந்த மலை இது. 1988இல் தொடங்கிய அண்ணாமலை ரிஃபாரஸ்டேஷன் சொசைட்டியும், அதன்பின் தி ஃபாரஸ்ட் வே போன்ற அமைப்புகளும், வனத்துறையும் கன்று நட்டு, தீ அணைத்து, இத்தனை பச்சையைக் கொண்டுவந்திருக்கிறார்கள். காடு திரும்பியது, மானும் திரும்பியது. காட்டுக்கும் ஊருக்கும் நடுவில் இருக்கிற தூரம் மட்டும் குறைந்துகொண்டே வருகிறது.

இந்த இடத்தில்தான் இப்போது செல்போன் வந்து நிற்கிறது. காலையில் மலைப்பக்கம் போனால், கையில் கேமராவோடு வருகிற சிலர் புள்ளி ஆந்தையின் குரலைப் போனில் போட்டுவிடுவதைப் பார்க்கலாம். ஆந்தை சிறு குருவிகளுக்கு எமன். அதன் குரல் கேட்டால் தேன்சிட்டு, கொண்டைக்குருவி, கரிச்சான் எல்லாம் கூட்டமாக வந்து அதைத் திட்டி விரட்டப் பார்க்கும். படம் நன்றாக வரும். கூட்டில் குஞ்சை விட்டுவிட்டு வந்த குருவியும் அந்தப் படத்தில் இருக்கும். திரும்பத் திரும்பப் போடுகிறவர்களுக்கு அது தெரிவதில்லை. வல்லூறும் அதே மரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பெரியவருக்கும் போனுக்கும் உள்ள வித்தியாசத்தை அன்றைக்கு நான் கண்ணால் பார்த்தேன். அவருக்கு எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருந்தது. வந்தது யார் என்று பார்த்தவுடன் கை இறங்கியது. நாய் வந்தபோது தான் கூப்பிட்டதற்குத் தானே பொறுப்பேற்றுக் குறுக்கே போய் நின்றார். பழைய வேட்டைக்காரரிடம் இருந்த இந்தக் கட்டுப்பாடு, வேட்டையே தெரியாத நம்மிடம் இல்லை. அவர் தலைமுறையோடு இந்தக் குரல்கள் போய்விடும். அவர் பேரன்கள் பள்ளிக்கூடம் போகிறார்கள், போகத்தான் வேண்டும். நரியைக் கூப்பிடப் பேரன் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் எந்தக் காற்றில் எது எந்தப் பக்கமாக வரும், எந்தக் குரலுக்கு எது காது கொடுக்கும் என்ற அறிவைப் பல்கலைக்கழகத்தாரோ வானொலியோ இந்தப் பெரியவர்கள் வாயிலிருந்தே பதிவு செய்து, அதற்கு உரிய சம்பளமும் கொடுத்து, வனத்துறையில் காவலுக்கும் கணக்கெடுப்புக்கும் இவர்களில் சிலரை வேலைக்கு வைத்தால் மலைக்குத்தான் லாபம்.

அண்ணாமலைக்கு வருகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். மலையோரத்தில் நடக்கும்போது ஆந்தைக் குரலோ, குட்டியின் அலறலோ, எந்த விலங்கின் குரலையும் போனில் போடாதீர்கள். மிச்சச் சோற்றைப் பாதையோரம் கொட்டாதீர்கள். நாய்கள் மானைத் துரத்துவதைக் கண்டால் படம் எடுக்க நிற்காமல் முதலில் விரட்டுங்கள், உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். பாசிமணி விற்கும் பெரியவர் யாராவது கண்ணில் பட்டால், பேரம் பேசாமல் ஒரு மாலை வாங்கிக்கொண்டு, ஐந்து நிமிஷம் உட்கார்ந்து அவர் பேச்சைக் கேளுங்கள்.