மருதனார்மடமும் காட்சிக்கலையின் ஆண்டு வட்டமும்

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர், கொக்குவிலையும் இணுவிலையும் கடந்ததும் மருதனார்மடச் சந்தியை அடைவர். அச்சந்திக்கு ஊரவர் நினைவிலே நெடுங்காலமாக நிலைத்த அடையாளங்கள் இரண்டு உண்டு. ஒன்று, செம்மண் தோட்டங்களின் விளைபொருள் வந்து குவியும் சந்தை. மற்றையது, சேர். பொன்னம்பலம் இராமநாதன் 1913ஆம் ஆண்டிலே பெண்களுக்கென நிறுவிய கல்லூரி. அக்கல்லூரியின் அயலில், 1960இல், அவருடைய மருகர் சு. நடேசபிள்ளை இசைக்கென ஒரு கல்விக்கூடத்தை அமைத்தார். தமிழகத்து இசைவாணர் அங்கு வந்து கற்பித்தனர். மகாராஜபுரம் சந்தானம் அதன் அதிபராகவும் விளங்கினார். 1974இல் யாழ்ப்பாணத்திலே பல்கலைக்கழக வளாகம் தோன்றவே, மறு ஆண்டில் அக்கல்விக்கூடம் அதனோடு இணைந்தது. இராமநாதன் நுண்கலைக் கழகம் என்ற பெயரிலே பல்லாண்டு வளர்ந்த அந்நிறுவனம், இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ஆற்றுகை, காட்சிக் கலைகளுக்கான பீடமாக உயர்ந்து நிற்கின்றது.

மருதனார்மடம் என்றதும் பலர் செவியிலே வீணையும் மிருதங்கமும் சலங்கையுமே ஒலிக்கும். ஆயின், அவ்வளவினுள்ளே ஓசையற்ற கலையொன்றும் பயிலப்படுகின்றது. சித்திரமும் வடிவமைப்பும் கற்கும் மாணவர், கித்தானும் களிமண்ணும் மரமும் கம்பியும் கொண்டு நான்கு ஆண்டுகள் உழைக்கின்றனர். அவ்வுழைப்பின் முடிவிலே இறுதியாண்டுக் கண்காட்சி நிகழும். விரிவுரையாளரும் பரீட்சகரும் வருவர். பெற்றோர் வருவர். அயற் பாடசாலைகளின் சித்திர ஆசிரியர் மாணவரை அழைத்து வருவர். மகள் பூசிய நிறங்களின் முன்னே, இது எதைக் குறிக்கின்றது என்று கேட்கத் தயங்கி நிற்கும் தந்தையர் உளர். தயங்காது கேட்டுவிடும் தாயரும் உளர். சில நாள்களில் ஆணிகள் கழற்றப்படும். சுவர் மீண்டும் வெறுஞ்சுவராகும். படங்கள் உரப்பையிற் சுற்றப்பட்டு, பேருந்திலும் முச்சக்கர வண்டியிலும் வீடு திரும்பும். அதன் பின்னர் அவை எங்கே செல்கின்றன? இவ்வினா சிறிதெனத் தோன்றினும், ஒரு சமுதாயம் தன் காலத்துக் கலையை எவ்வாறு மதிக்கின்றது என்னும் பெருவினா அதனுள் அடங்கியுள்ளது.

நவீன கலைக்கென நூதனசாலை அமைக்கும் வழக்கம் உலகிலே மிகப் பழைமையானதன்று. நியூயோர்க் நகரின் நவீன கலை நூதனசாலை 1929இல் திறக்கப்பட்டது. புதுதில்லியின் தேசிய நவீன கலைக்கூடம் 1954இல் தொடங்கிற்று. கொழும்பிலே '43 குழு' என வழங்கும் ஓவியர் கூட்டம் 1943இலேயே தோன்றியதாயினும், இலங்கையின் நவீன, சமகாலக் கலைகளுக்கான நூதனசாலையொன்று அந்நகரிலே கதவு திறப்பதற்கு 2019 டிசெம்பர் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதன் முதற் கண்காட்சியின் தலைப்பு, நூறாயிரம் சிறுகதைகள் எனப் பொருள்படுவது. ஈழத்துக் கவிஞர் சேரனின் கவிதையொன்றிலிருந்து அத்தலைப்புப் பிறந்தது என்பதும், அங்கு விளக்கக் குறிப்புகள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் இடம்பெறுகின்றன என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கன.

இத்தகைய நூதனசாலைகள் தம் பணியை ஆண்டு நிகழ்ச்சிநிரல் ஒன்றின்படி ஒழுங்கு செய்கின்றன. அவை தம்மிடமுள்ள யாவற்றையும் ஒருங்கே காட்டுவதில்லை. ஒரு கருப்பொருளைத் தெரிந்து, அதற்கேற்ற ஆக்கங்களைச் சேர்த்து, சில மாதங்கள் காட்டிய பின் அவற்றை உள்ளே எடுத்து வேறு சிலவற்றை வெளிக்கொணரும். இதற்குக் காரணம் இடநெருக்கடி மட்டுமன்று. காகிதத்தில் வரைந்த சித்திரமும் நீர்வண்ண ஓவியமும் ஒளிபட ஒளிபட வெளிறிப் போவன. ஆதலின் அவற்றை மங்கிய ஒளியிலே குறுகிய காலம் காட்டி, நெடுங்காலம் இருளிலே ஓய்வுறச் செய்தல் வேண்டும். மேலும், ஒரே படம் வேறொரு படத்தின் அருகில் வைக்கப்படும்போது புதியதொரு பொருளைப் பெறுகின்றது. எனவே, நிகழ்ச்சிநிரலைத் திட்டமிடல் என்பது ஒரு வகையிற் சிந்தனைப் பணியே ஆகும்.

இவ்வழக்கம் யாழ்ப்பாணத்தவர்க்கு அந்நியமானதெனக் கருதுதல் தவறாகும். கோயிலின் வாகனசாலை ஒவ்வொன்றும் இத்தகைய காப்பகமே. மயிலும் இடபமும் சிங்கமும் குதிரையும் ஆண்டின் பெரும்பகுதியை அங்கு இருளிலே கழிக்கின்றன. தத்தமக்குரிய திருவிழா நாளிலே வெளிவந்து, விளக்கொளியில் ஊரார் கண்முன் நின்று, மீண்டும் உட்செல்கின்றன. மருதனார்மடத்துக்கு அயலூராகிய இணுவிலிலே, கந்தசுவாமி கோயிலின் பெருமஞ்சம் தன் மரச்சிற்பங்களோடு உலாவரும் காட்சியைக் காண மக்கள் ஆண்டு முழுவதும் காத்திருப்பர். எதனை, எந்நாளில், எவ்வரிசையிற் காட்டுவது என்ற ஒழுங்கும், காட்டாத நாளிலே அதனைப் பேணும் கடமையும், அதற்கெனப் பொறுப்பேற்கும் உபயகாரரும் இம்மண்ணிலே தலைமுறை தலைமுறையாக உள்ளனர். தச்சரும் சிற்பாசாரியாரும் செய்தவற்றுக்கு வாய்த்த இப்பேறு, இக்கால ஓவியரின் ஆக்கங்களுக்கு மட்டும் ஏன் வாய்க்கவில்லை?

யாழ்ப்பாணத்து நவீன ஓவியத்துக்கு ஆண்டு வட்டம் ஒன்று முன்பும் இருந்தது. ஆயின், அதனை வகுத்தது பாடசாலைத் தவணையே. 1938இல் ஓவியர் எஸ். ஆர். கனகசபை, சித்திரக்கல்வியின் தலைமைப் பரிசோதகராக விளங்கிய வின்ஸரின் பெயரால் ஒரு கலைக்கழகத்தை அமைத்தார். சித்திர ஆசிரியர் அதிலே கூடி வரைந்து, கண்காட்சிகளையும் நடத்தினர். பின்னர், குருநகரிலே 1933இற் பிறந்த ஓவியர் அ. மாற்கு, விடுமுறைக்கால ஓவியர் கழகத்தைத் தோற்றுவித்தார். அப்பெயரே ஒரு வரலாற்றைக் கூறுகின்றது. ஓவியன் ஆசிரியனாகவே உயிர் வாழ முடிந்தது. விடுமுறை கிடைத்தபோதே ஓவியனாக வாழ முடிந்தது. அவ்விடுமுறை நாள்களிலே மாற்குவிடம் கற்றவர்களுள் வாசுகி, நிலாந்தன் முதலானோர் பின்னாளிலே தமக்கென ஒரு தடம் பதித்தனர்.

ஆயினும், காட்டுதற்கு முயன்ற அச்சூழலிலே காத்தற்கு இடம் இருக்கவில்லை. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் ஊரைவிட்டு நீங்கியபோது, எடுத்துச் செல்ல முடிந்தவை உடுபுடைவையும் ஆவணங்களும் சில பாத்திரங்களுமே. சட்டமிட்ட ஓவியத்தைத் துவிச்சக்கர வண்டியிலே கட்டிச் செல்லல் யார்க்கு இயலும்? மாற்குவின் ஆக்கங்களிற் பல அவ்விடப்பெயர்வுக் காலத்தே சிதறியும் அழிந்தும் போயின. அவர் 2000ஆம் ஆண்டிலே மறைந்தார். ஓர் ஓவியனின் வாழ்நாட் பணியை முழுமையாக நோக்கி மதிப்பிடும் வாய்ப்பை இழந்தது, அவர் குடும்பம் மட்டுமன்று. அவருக்குப் பின் வந்த மாணவர் பரம்பரை முழுவதும் அதனை இழந்தது.

இவ்விடத்திலே கலாயோகி ஆனந்த குமாரசுவாமியின் கருத்தொன்று நோக்கற்பாலது. இராமநாதனுக்கு நெருங்கிய உறவினராகிய அவர், 1917 முதல் அமெரிக்காவின் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையிலே பணியாற்றியவர். கலைப்பொருள்களைக் காட்சிக்கு வைப்பது எதற்காக என்னும் வினாவையே தலைப்பாகக் கொண்டு 1943இலே நூலொன்றும் வெளியிட்டார். நூதனசாலையின் முதற்கடமை, அழியும் ஆபத்திலுள்ள பழம்பொருள்களைக் காத்து, அவற்றின் பொருளை மக்களுக்கு உணர்த்துதல் என்பது அவர் துணிபு. உயிரோடிருக்கும் கலைஞரின் ஆக்கங்களுக்கு அத்தகைய ஆபத்து இல்லை. ஆதலின் அவற்றை நூதனசாலை காட்டவேண்டிய அவசியமும் இல்லை என்று அவர் வாதிட்டார்.

பொஸ்ரன் நகரிலிருந்து நோக்குவோர்க்கு அவ்வாதம் பொருத்தமானதே. ஆயின், அவருடைய முன்னோர் மண்ணிலே வரலாறு அவ்வாதத்தைத் தலைகீழாக்கிவிட்டது. யாழ்ப்பாணத்திலே அழிவின் ஆபத்துக்கு முதலில் உட்பட்டவை, உயிரோடிருந்தவரின் ஆக்கங்களே. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அதன் பின்னரும் குண்டுவீச்சு, இடப்பெயர்வு, கறையான், மாரிமழை, உப்புக்காற்று என அழிவு பல உருவிலே வந்தது. ஆகவே, குமாரசுவாமி வகுத்த அளவுகோலையே கைக்கொண்டு நோக்கினும், இம்மண்ணின் சமகாலக் கலை நூதனசாலையின் பாதுகாப்புக்கு முழு உரித்துடையது என்ற முடிபே பெறப்படும்.

இவ்வுண்மையை உணர்ந்த கலைஞர், இழப்பையே தம் கலையின் பொருளாக்கியமை வியப்புக்குரியதன்று. புனரமைக்கப்பட்ட பொது நூலகத்திலே 2004இல் 'அகம் புறம்' என்ற கண்காட்சி நிகழ்ந்தது. அதிலே ஓவியரும் கலைவரலாற்று அறிஞருமாகிய தா. சனாதனன், யாழ்ப்பாணத்து வீடுகளிலிருந்து மக்கள் கொடுத்த பொருள்களைக் கொண்டே ஒரு காட்சியமைப்பை உருவாக்கினார். போரின் கதையை வீட்டுப்பொருள் பேசியது. 2011இல் வெளிவந்த அவருடைய நூலொன்று, இடம்பெயர்ந்தோர் தாம் இழந்த வீடுகளை நினைவிலிருந்து வரைந்து காட்டிய தரைப்படங்களை உட்கொண்டது. ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடாகிய தோம்பின் பெயரை அந்நூல் தாங்கியமை மிகப் பொருத்தமே. அரசு எழுதிய தோம்பிலே காணியின் எல்லை மட்டும் இருந்தது. மக்கள் வரைந்த தோம்பிலே கிணற்றடியும் முற்றத்து மாமரமும் இருந்தன.

இன்று கொழும்பிலே இந்நாட்டின் சமகாலக் கலைக்கென ஒரு நிலைக்களன் தோன்றியுள்ளமை மகிழ்ச்சிக்குரியதே. யாழ்ப்பாணத்துக் கலைஞரின் ஆக்கங்களும் அங்கு உரிய மதிப்போடு காட்டப்பட்டுள்ளன. எனினும், மருதனார்மடத்து மாணவி தன் ஆசிரியரின் ஓவியத்தைக் காண ஓர் இரவு முழுவதும் பயணம் செய்ய வேண்டுமாயின், அவ்வேற்பாடு முழுமை பெற்றதாகாது. யாழ்ப்பாண நகரிலே, பொது நூலகத்தின் அயலில், இந்திய அரசின் உதவியோடு எழுப்பப்பட்ட கலாசார மையம் 2022இலே திறந்துவைக்கப்பட்டது. 2025 முதல் அது திருவள்ளுவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. பேரரங்கும் காட்சிக்கூடமும் அங்கு உள்ளன. ஆக, இப்போது முதலில் வேண்டுவது புதியதொரு கட்டடமன்று. ஆண்டு தோறும் தவறாது நிகழும் ஓர் ஒழுங்கே.

அவ்வொழுங்கு இம்மண்ணின் பருவத்தைத் தழுவியதாக அமைதல் நன்று. தையும் மாசியும் மழை ஓய்ந்து வானம் தெளியும் காலம். மறைந்த ஓவியர் ஒருவரின் ஆக்கங்களை வீடு வீடாகத் தேடிச் சேர்த்துக் காட்டுதற்கு அது ஏற்றது. சோளகம் வீசும் காலத்தே இறுதியாண்டு மாணவரின் கண்காட்சி அமையலாம். ஆவணியிலே, நல்லூர்த் திருவிழாவின் 25 நாள்களிலும், புலம்பெயர்ந்து வாழ்வோர் ஊர் திரும்பிக் கூடுவர். அவ்வேளையிலே தேர்ச்சிற்பம், வாகனம், திரைச்சீலை ஆகிய கோயிற் கலைகளையும் இக்கால ஆக்கங்களையும் ஒருங்கு வைத்துக் காட்டின், பழைமையும் புதுமையும் ஒன்றோடொன்று உரையாடும். ஐப்பசி முதல் மார்கழி வரை வாடையும் மாரியும் காகிதத்தை வருத்தும் காலம். அப்போது காட்சியைக் குறைத்து, பட்டியலிடல், ஒளிப்படமெடுத்தல், பழுது பார்த்தல் ஆகிய பணிகளிலே மாணவரைப் பயிற்றலாம். வெளியே தெரியாத இப்பணியே நூதனசாலையின் உயிர்நிலை என்பதை அவர் உணர்வர்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டுமே என்பார் உளர். ஆண்டுதோறும் ஒவ்வொரு தொகுதி மாணவரிடமிருந்தும் இரண்டு அல்லது மூன்று ஆக்கங்களையேனும் உரிய விலை கொடுத்துப் பெற்றுப் பேணின், பத்தாண்டிலே ஒரு தலைமுறையின் பார்வை முழுவதும் ஓரிடத்தே சேர்ந்துவிடும். திருவிழாவுக்கு உபயம் செய்யும் ஊரார்க்கு இது இயலாததன்று. பொதுமக்களுக்கு நவீன ஓவியம் விளங்காதே என்பாரும் உளர். ஒருமுறை மட்டும் கண்டால் விளங்காதிருத்தல் இயல்பே. இராக ஆலாபனையை முதற்கேள்வியிலே விளங்கிக்கொண்டவர் எவர்? ஆண்டுக்காண்டு கேட்டே செவி பழகியது. ஆண்டுக்காண்டு கண்டே கண்ணும் பழகும். மருதனார்மடத்தின் இசைக்கூடம் 1960இலிருந்து யாழ்ப்பாணத்தின் செவிக்குச் செய்த தொண்டை, அதே வளவிலிருந்து அதன் கண்ணுக்கும் செய்தல் கூடும்.

கண்காட்சி முடிந்த மறுநாள், மாணவி ஒருத்தி தன் படத்தை வீட்டுக்குக் கொண்டு செல்கின்றாள். சுவரிலே இடமிருந்தால் அது தொங்கும். இல்லையேல் கட்டிலின் கீழே கிடக்கும். சில மாரிகள் கழியும். அவள் ஆசிரியையாவாள்; மணம் செய்து வேற்றூர் செல்வாள்; ஒருவேளை கடல் கடந்தும் போவாள். இருபது ஆண்டுகளின் பின்னர் எவரேனும் இக்காலத்து இளையோர் போருக்குப் பிந்திய இம்மண்ணை எவ்வாறு கண்டனர் என்று கேட்பின், அதற்குரிய விடை அந்தக் கட்டிலின் கீழேதான் இருக்கும்; கறையான் விட்டுவைத்திருந்தால்.