எழுப்பி உட்கார வைக்கும் கைகள்

பிசியோதெரபி எனப்படும் இயன்மருத்துவப் படிப்பைப் பற்றி நம் பங்குக் குடும்பங்களில் நிலவும் எண்ணம் பெரும்பாலும் ஒன்றே: கை கால் விழுந்தவர்களுக்குப் பிடித்துவிடுவது, மூட்டு வலிக்குப் பயிற்சி சொல்லித் தருவது. மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைக்காத பிள்ளைக்கு ஆறுதலாகக் கிட்டுவது என்றும் சிலர் கருதுகின்றனர். தேர்வு முடிவுகள் வந்த கையோடு நற்சான்றுக் கடிதம் கேட்டு வரும் பெற்றோர் சிலர், அக்கடிதத்தைச் சற்றே வாடிய முகத்துடன் பெற்றுச் செல்வதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். இதயமும் நுரையீரலும் நலிந்தோரிடையே இம்மாணவர் பெறும் பயிற்சியை ஒரு காலைப் பொழுது நின்று பார்த்திருப்பின் அம்முகம் வாடியிராது.

நோயாளிகளுக்கு நற்கருணை வழங்கவும் நோயில்பூசுதல் அளிக்கவும் நாம் வாரந்தோறும் செல்லும் மருத்துவமனையில் இம்மாணவர் பயில்கின்றனர். அவர்களுக்கு ஒழுக்கவியல் வகுப்பெடுக்கும் பொறுப்பும் சில ஆண்டுகளாக நமக்கு உண்டு. குருமடத்தில் தத்துவமும் இறையியலும் கற்றுத் தந்தார்களேயன்றி நுரையீரலுக்கு எத்தனை மடல்கள் என்று எவரும் கற்றுத் தரவில்லை. அவர்களுடைய செய்முறை வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்டே ஓரளவு தெரிந்துகொண்டோம்.

முதலில் அவர்கள் பழகுவது கேட்பதற்கு. ஒருவர் முதுகில் மற்றவர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, நலமான மூச்சின் ஒலி காதில் பதியும்வரை கேட்கின்றனர். இக்கருவியை உலகுக்குத் தந்தவர் பிரான்சு நாட்டு மருத்துவரான ரெனே லயனெக் என்னும் பக்தியுள்ள கத்தோலிக்கர். 1816-ஆம் ஆண்டு பாரிசில், இதயநோயுற்ற இளம்பெண் ஒருத்தியின் மார்பில் காதை வைத்துக் கேட்க நாணிய அவர், தாளைக் குழலாகச் சுருட்டி அதன் வழியே கேட்டார். ஒலி முன்னினும் தெளிவாக இருந்தது. நெஞ்சின் ஒலிகளை விளக்கும் நூலை 1819-இல் வெளியிட்ட அவர், 1826-இல் தமது 45-ஆம் வயதில் காசநோயாலேயே மறைந்தார். நோயாளியைத் தொடுமுன் அனுமதி கேட்பதையும், திரையை இழுத்துவிடுவதையும் பற்றி நம் வகுப்பில் பேசும்போது இவ்வரலாற்றைத் தவறாமல் சொல்வோம்.

மார்பெலும்பைப் பிளந்து இதய அறுவை செய்யப்பட்டவர் வலிக்கு அஞ்சி மேலோட்டமாகவே மூச்சு விடுகிறார். வரும் இருமலையும் அடக்குகிறார். அதனால் நுரையீரலின் அடிப்பகுதியிலுள்ள சிற்றறைகள் சுருங்கி மூடிக்கொள்கின்றன, கோழை தேங்குகிறது, தேங்கிய இடத்தில் கிருமி பெருகி நிமோனியா காய்ச்சலாகிறது. அறுவை நன்கு முடிந்தும் நோயாளி தவிப்பது இவ்வாறுதான். தலையணையை மார்போடு அணைத்துப் பிடித்து இருமவும், விலாவில் வைத்த கையைத் தள்ளுமளவு மூச்சை உள்ளிழுக்கவும், கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல் வாயைத் திறந்து ‘ஹா’ என்று விட்டுக் கோழையை மேலே கொணரவும் மாணவர் அவரைப் பழக்குகின்றனர். குவித்த உள்ளங்கையால் தட்டுவதும் உண்டு. அது எல்லாருக்கும் அன்று. தலைப்பக்கத்தைத் தாழ்த்திக் கோழையை வடியவிடுவது ஒருவருக்கு உதவும். இதயம் தளர்ந்த இன்னொருவருக்கு அதுவே மூச்சை முட்டவைக்கும். எவருக்கு எது ஆகாது என்பதைத்தான் ஆசிரியை திரும்பத் திரும்பக் கேட்கிறார்.

ஒரு நாள் நாம் கண்டது: இளமையில் கண்ட வாதக்காய்ச்சலால் இதய வால்வு கெட்டு, அதை மாற்றிக்கொண்ட ஒரு விவசாயி. அவரைக் கட்டிலின் ஓரத்தில் உட்காரவைக்க இறுதியாண்டு மாணவி ஒருத்தி வந்தாள். மனைவி குறுக்கே நின்றுகொண்டார். “ஏம்மா, உன் தகப்பனா இருந்தா இப்படி இழுத்து உட்கார வைப்பியா? மனுஷன் இப்பத்தான் கண்ணசந்தாரு!” மாணவியின் முகம் சிவந்தது. எனினும் குரலை உயர்த்தாமல், “பத்து நிமிஷம்தாம்மா. நீங்களும் அந்தப் பக்கம் தோளைப் பிடிச்சுக்கங்க” என்றாள். எதிர்த்து நின்றவர் உதவிக்கு வந்துவிட்டார்!

விவசாயி காலைத் தொங்கவிட்டு அமர்ந்தார். அவள் நாடியில் விரலும், பிராணவாயு அளவில் ஒரு கண்ணும், அவர் உதட்டின் நிறத்தில் ஒரு கண்ணுமாக நின்றாள். மூன்றாம் நிமிடத்தில் அவர் நெற்றி வியர்த்தது, பேச்சு அறுந்தது. உடனே படுக்கவைத்துவிட்டாள். “ஏன் நிறுத்தினாய்?” என்று ஆசிரியை கேட்டதற்கு நாடி எவ்வளவு ஏறிற்று, இரத்த அழுத்தம் எவ்வளவு இறங்கிற்று என்று எண்களைச் சொன்னாள். ஆசிரியை தலையசைத்து, “மாலையில் மறுபடி வா” என்றார். மறுநாள் அவர் நான்கடி நடந்தார்.

அம்மனைவியை எவரும் குறை கூற இயலாது. அவர் எண்ணியவாறே ஒரு காலத்தில் மருத்துவர்களும் எண்ணினர். மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் அசையாது கிடத்தினர். 1952-இல் பாஸ்டன் நகர மருத்துவர்களான லெவின், லவுன் இருவரும் அத்தகையோரை நாற்காலியில் அமர்த்தலாம் என்று எழுதியபோது அது துணிச்சலான பேச்சாக இருந்தது. 1966-இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் நலமுள்ள ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்து ஆராய்ந்தனர். முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் மீண்டும் சோதித்தபோது, அந்த மூன்று வாரப் படுக்கை குறைத்த அளவு உடலின் உழைக்கும் திறனை முப்பது ஆண்டு வயதுகூடக் குறைத்திருக்கவில்லை! பேதுருவின் மாமியார் காய்ச்சலாய்க் கிடந்தபோது ஆண்டவர் என்ன செய்தார் என்பதை மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் வாசகர்கள் எடுத்துப் பார்க்கலாம்.

பீடிப் புகையாலும் விறகடுப்புப் புகையாலும் நுரையீரல் கெட்டவர்களிடம் பயிற்சி வேறு விதமானது. அந்நோய் முற்றாக நீங்குவதில்லை. உதட்டைக் குவித்து மெல்ல மூச்சை வெளிவிடுவது, இளைக்கும்போது முன்சாய்ந்து முழங்கைகளை ஊன்றிக்கொள்வது என்று சொல்லித் தருகின்றனர். முப்பது மீட்டர் தாழ்வாரத்தில் ஆறு நிமிடம் நடக்கவிட்டுத் தூரத்தை அளக்கின்றனர். அப்போது மாணவர் முன்னே நடந்து வேகத்தை ஏற்றக் கூடாது. விதித்த சொற்களுக்கு மேல் ஊக்கமூட்டவும் கூடாது. நோயாளி நின்றால் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க, தாமும் பேசாமல் காத்து நிற்க வேண்டும். துடிப்புள்ள இளைஞருக்கு அந்த மௌனமே கடினமான பாடம் என்று நமக்குத் தோன்றுகிறது. பிரசங்கம் செய்து பழகிய நமக்கும் அது எளிதன்று.

நம் பங்கில் இவ்வாண்டு இதய அறுவை முடிந்து திரும்பிய ஒருவர், மருத்துவமனையில் எழுதிக் கொடுத்த கணக்கின்படி காலைத் திருப்பலிக்கு முன் கோவிலைச் சுற்றி நடக்கிறார். வழியில் காண்போரெல்லாம் இரக்கப்பட்டு அவரைத் திண்ணையில் உட்காரச் சொல்கின்றனர். ஒரு பாட்டியார் நாற்காலியே கொண்டுவந்து போட்டுவிட்டார். அவர் நடந்து முடிக்கும்வரை அருள்கூர்ந்து எவரும் அவரை நிறுத்த வேண்டாமென்று சென்ற ஞாயிறு அறிவிப்பிலேயே வாசித்துவிட்டோம்.