ஹயஸ் வானும் எங்கள் மூன்று குடும்பங்களும்

கொஞ்சம் நீண்ட பதிவு. வான் வைத்திருப்பவர்களும், பிள்ளைகளை வானில் பாடசாலைக்கு அனுப்புகிறவர்களும் கடைசிவரை வாசித்தால் சந்தோசம்.

யாழ்ப்பாணத்து வாகனங்களைப் பற்றி யார் எழுதினாலும் ஒஸ்ரின் ஏ40, மொரிஸ் மைனர், மொரிஸ் ஒக்ஸ்போர்ட் என்று தொடங்கி அதிலேயே முடித்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 1970களில் இறக்குமதி இறுக்கப்பட்ட காலத்திலும், 1990களில் பெற்றோல் வராத காலத்திலும் அந்த பிரிட்டிஷ் கார்கள்தான் இந்தக் குடாநாட்டில் தாக்குப்பிடித்தன. இரண்டு சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓடிய கதை எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் சோனகதெருவில் எங்கள் வயதுக்காரரிடம் "உங்கள் வாழ்க்கையில் முக்கியமான வாகனம் எது?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் டொயோட்டா ஹயஸ் என்றுதான் சொல்வார்கள். பக்கத்துத் தெரு நண்பர்கள் அதை ரொயோட்டா என்பார்கள். வண்டி ஒன்றுதான்.

முதலில் அந்தக் கம்பனியின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். எங்கள் வீட்டில் இரண்டு பேர் ஆசிரியர்கள். பாடம் எடுக்காமல் விடமாட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டொயோட்டா காரில் தொடங்கவில்லை, தறியில் தொடங்கியது. சகிச்சி டொயோடா என்பவர் ஒரு தச்சரின் மகன். 1924 இல் அவர் முழுமையாக்கிய தானியங்கித் தறியில் ஒரு விசேசம் இருந்தது. நெய்துகொண்டிருக்கும்போது ஒரு நூல் அறுந்தால் தறி தானாகவே நின்றுவிடும். ஆள் பார்த்து நிறுத்தத் தேவையில்லை. பிழையான துணி ஒரு முழம்கூட மேலதிகமாக வராது. அந்தத் தறியின் உரிமையை 1929 இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பனி வாங்கியது. உலகத்துக்கே நெசவு இயந்திரம் விற்ற நாடு ஜப்பானிடம் வாங்கியது என்பதை அந்தக் காலத்தில் யோசித்துப் பாருங்கள்.

மகன் கிச்சிரோவுக்குக் காரில் ஆசை. 1933 இல் தறிக் கம்பனிக்குள்ளேயே கார்ப் பிரிவைத் தொடங்கினார். 1937 இல் அது தனிக் கம்பனியானது. குடும்பப் பெயர் டொயோடா. கம்பனிக்கு மட்டும் டொயோட்டா என்று வைத்தார்கள். ஜப்பானிய எழுத்தில் அதை எழுத எட்டுக் கோடுகள் வரும், எட்டு அங்கே ராசியான எண். 1950 இல் கம்பனி விழும் நிலைக்கு வந்தது, தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தது, கிச்சிரோ பதவியை விட்டு விலகினார். அதன் பிறகுதான் உலகமறிந்த வளர்ச்சி.

அந்தத் தறியின் பாடத்தைக் கார்த் தொழிற்சாலையிலும் வைத்துக்கொண்டார்கள். வேலை நடக்கும் வரிசையில் யாராவது ஒரு தொழிலாளி பிழையைக் கண்டால், கயிற்றை இழுத்து முழு வரிசையையும் நிறுத்தலாம். நூல் அறுந்தால் நில். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறோம்.

ஹயஸ் 1967 இல் வந்தது. இலங்கையில் 1977 க்குப் பிறகு இறக்குமதி திறந்தபோது ஜப்பான் வாகனங்கள் வெள்ளமாக வந்தன. ஜப்பானிலும் எங்களைப் போல ஸ்டியரிங் வலப்பக்கம். அங்கே வாகனப் பரிசோதனை கடுமை, சரக்கு வானுக்கு ஆண்டுதோறும் செய்ய வேண்டும். பழசாகப் பழசாகச் செலவு கூடுவதால் நல்ல வாகனத்தையே விற்றுவிடுவார்கள். அவர்கள் கழித்தது எங்களுக்குப் புதுசு. 1980களின் மொடலுக்கு இங்கே "ஷெல்" என்று பெயர் வைத்தோம். 1989 இல் வந்த மொடலுக்கு "டொல்பின்" என்று வைத்தோம். 2004 க்குப் பிறகு வந்ததை "கே.டி.எச்." என்கிறோம். டொயோட்டாக்காரனுக்கே இந்தச் செல்லப் பெயர்கள் தெரியுமோ தெரியாது.

வாப்பாவிடம் ஒரு ஷெல் வான் இருந்தது. கொழும்பில் துணி எடுத்து யாழ்ப்பாணக் கடைக்குக் கொண்டுவருவதற்காக வாங்கியது. 1990 ஒக்டோபர் 30 அன்று என்ன நடந்தது என்பதை இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இரண்டு மணித்தியாலம் தந்தார்கள். வானின் சாவியையும் எங்கள் முற்றத்திலேயே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். சொந்த வான் வாசலில் நிற்க, மற்றவர்களோடு லொறியில் ஏறி ஊரை விட்டோம். வாப்பா பிறகு புத்தளத்தில் இருந்த காலமெல்லாம் வீட்டைப் பற்றிப் பேசுவார், கடையைப் பற்றிப் பேசுவார். வானைப் பற்றி ஒரு சொல் பேசமாட்டார்.

2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. அடுத்த வருடம் எங்கள் மூன்று குடும்பங்கள் சேர்ந்து காசு போட்டு ஒரு டொல்பின் வாங்கினோம். பெரிய நானா, நாங்கள், மாமா வீட்டார். 1994 ஆம் ஆண்டு வண்டி, 2.8 லீட்டர் 3எல் டீசல் எஞ்சின். புத்தளத்தில் இருந்து அநுராதபுரம், மதவாச்சி, வவுனியா வழியாக யாழ்ப்பாணம் சுமார் 270 கிலோமீட்டர். ஓமந்தையிலும் முகமாலையிலும் இறங்கி ஏறி, பொதி அவிழ்த்துக் கட்டி வர ஒரு பகல் முழுக்கப் போய்விடும்.

அந்த வானில்தான் வாப்பா 13 வருடத்துக்குப் பிறகு சோனகதெருவுக்கு வந்தார். வீட்டுக்குக் கூரை இல்லை. கதவு, யன்னல், நிலை எதுவும் இல்லை. கிணற்றுக்குள் மரம் முளைத்திருந்தது. முதல் இரண்டு இரவும் பெண்களும் பிள்ளைகளும் வானுக்குள் படுத்தார்கள், ஆண்கள் கீழே பாய் விரித்துப் படுத்தோம். பிறகு அதே வான் சீமெந்து ஏற்றியது, ஓடு ஏற்றியது, நிலைக்கதவு ஏற்றியது, பாடசாலைக்குப் புத்தகம் ஏற்றியது. 2006 ஓகஸ்ட் 11 அன்று பாதை மறுபடி மூடப்பட்டபோது வான் புத்தளத்தில் நின்றது. அது எங்கள் அதிர்ஷ்டம். யுத்தம் முடிந்து பாதை திறந்த பிறகு மறுபடி ஓடியது. எங்களில் பலருக்கு இன்றும் இரண்டு ஊர், இரண்டு வீடு. கலியாணம் இங்கே, மையித்து அங்கே. இரண்டையும் சேர்த்துக் கட்டிய கயிறு இந்த மாதிரி வான்கள்தான்.

இனி வண்டியைப் பற்றி. 2003 இல் இருந்து ஒரு சி.ஆர். கொப்பியில் ஒவ்வொரு செலவையும் எழுதி வருகிறோம். இப்போது மூன்றாவது கொப்பி நடக்கிறது. அதில் இருந்து படித்தவற்றைச் சொல்கிறோம்.

டொல்பினின் பலம் அதன் எளிமை. டேர்போ இல்லை, கம்பியூட்டர் இல்லை. டீசல் பம்ப் முழுக்க இயந்திரம். ஆசனத்தைத் தூக்கினால் எஞ்சின் கண்ணுக்கு முன்னால். புளியங்குளத்துக்குப் பக்கத்தில் நின்றுபோனாலும் அங்குள்ள ஒரு தம்பி ஒரு பெட்டிச் சாவியோடு வந்து ஓடவிட்டுத் தருவான். லீட்டருக்கு ஒன்பது, பத்துக் கிலோமீட்டர் தரும். இழுவை மெதுவு, சத்தம் கூட, ஓட்டுகிறவரின் தொடை வேகும். அதெல்லாம் தெரிந்துதான் வாங்குகிறோம்.

அதன் பலவீனம் சூடு. தண்ணீர் குறைந்து எஞ்சின் கொதித்தால் ஹெட் வெடித்துவிடும். எல் வகை எஞ்சின்களின் பழைய வியாதி இது. எங்கள் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணீர் கொதித்தால் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு ரேடியேட்டருக்குள்ளும் படியும். கிணற்றுத் தண்ணீரை ஊற்றி ஊற்றியே அடைத்துப்போன ரேடியேட்டர்கள் எத்தனை! கூலண்ட் ஊற்றுங்கள். முடியாவிட்டால் மழைத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள்.

அடுத்தது துரு. பண்ணைப் பாலத்தாலும் ஆனையிறவாலும் ஓடுகிற வண்டிக்கு உப்புக்காற்று படாமல் இருக்காது. இழுவைக் கதவின் கீழ், பின் சில்லுக்கு மேல், தரைத் தகட்டின் அடி, இந்த மூன்று இடத்தையும் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். மேலே பெயின்ற் மினுங்கும், கீழே கையை வைத்தால் பிஸ்கட் மாதிரி உதிரும். பழைய வான் வாங்கப் போகிறவர்கள் முதலில் குனிந்து பாருங்கள்.

மூன்றாவது டைமிங் பெல்ட். ஒவ்வொரு 100,000 கிலோமீட்டருக்கும் ஒருமுறை மாற்றச் சொல்லி டாஷ்போர்டில் ஒரு விளக்கு எரியும். மாற்றாமல் ஓடி பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும், எஞ்சின் முடிந்தது. ஆனால் இங்கே பல வண்டிகளின் மீட்டர் பின்னுக்குத் திருப்பப்பட்டவை. மீட்டர் பொய் சொன்னால் விளக்கும் பொய்தான் சொல்லும். எனவே வாங்கிய உடனே பெல்ட்டை மாற்றிவிடுங்கள். அதையும் தெரிந்த இடத்தில் வாங்குங்கள். வேறொரு ஊரில் ஒரு கடையில் அசல் என்று பெட்டியோடு தந்த பெல்ட், 20,000 கிலோமீட்டர்கூட ஓடமுன் பல் தேய்ந்து நூல் பிரிந்திருந்தது. வோட்டர் பம்ப் மாற்றத் திறந்தபோது எங்கள் மெக்கானிக் நானாவின் கண்ணில் பட்டது. அன்று அவர் காணாவிட்டால் அடுத்த கிழமை 14 பேரோடு ஏ9 இல் நின்றிருப்போம், அல்லது அதைவிட மோசமாக.

கே.டி.எச். வைத்திருப்பவர்களின் அனுபவம் வேறு. இழுவை நன்று, சத்தம் குறைவு, ஏ.சி. குளிர்கிறது. ஆனால் கொமன் ரெயில் எஞ்சினுக்குச் சுத்தமான டீசல் வேண்டும். இன்ஜெக்டர் பழுதானால் செலவு மாதச் சம்பளத்தைத் தாண்டும். தெருவோரத் தம்பி பெட்டிச் சாவியோடு வந்து ஒன்றும் செய்ய முடியாது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2022 இல் எரிபொருள் வரிசை, பிறகு கியூ.ஆர். முறை வந்தபோது வானுக்குக் கிழமைக்கு 20 லீட்டர். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திறந்தாலும், வரியோடு வரும் விலை எங்களைப் போன்ற சம்பளக்காரருக்கு எட்டாது. ஆகவே 30 வயதைத் தாண்டிய டொல்பினுக்கும் நல்ல விலை கேட்டு ஆட்கள் வருகிறார்கள். எங்களிடமும் வந்தார்கள். விற்பதா இல்லையா என்று மூன்று குடும்பமும் இருந்து பேசினோம். மாமா விற்கலாம் என்றார், நானா வேண்டாம் என்றார். உம்மாதான் ஒரு கேள்வி கேட்டா: "வாங்குறவன் இதில என்ன ஏத்தப் போறான்?"

வாங்க வந்தவர் பாடசாலைச் சேவைக்கு என்று சொல்லியிருந்தார். இதற்காகத்தான் இந்தப் பதிவை எழுத வேண்டி வந்தது.

காலையில் எங்கள் பாடசாலை வாசலில் வந்து நிற்கிற வான்களைப் பார்க்கிறோம். மஞ்சள் பலகை இருக்கிறது. உள்ளே பிள்ளைகள் மடியில் மடியாக இருக்கிறார்கள். டயர் வழுக்கை. கேட்டால் ஒரே பதில்: "சேர், டொயோட்டா தானே, ஓடும்." ஓடும்தான். நிற்குமா என்பதுதான் எங்கள் கேள்வி. வருட வரிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனை கேட்கிறார்கள். புகை பிரேக்கைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஜப்பானில் ஆண்டுதோறும் பரிசோதிக்கப்பட்ட அதே வான், இங்கே வந்த பிறகு யாராலும் அடியில் குனிந்து பார்க்கப்படாமல் 20 வருடம் ஓடுகிறது.

பெயரை மட்டும் நம்புவதென்றால் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். 2009, 2010 இல் இதே கம்பனி பெடல் கோளாறுகளுக்காக இலட்சக்கணக்கான வாகனங்களைத் திருப்பி அழைத்தது. நிறுவனரின் பேரன் அகியோ டொயோடா அமெரிக்க காங்கிரஸ் முன் போய் மன்னிப்புக் கேட்டார். செய்தவனே பிழை வரும் என்று ஒத்துக்கொண்டு வண்டியைத் திருப்பி எடுக்கிறான். நாங்கள் மூன்றாம் கை, நான்காம் கையாக வாங்கியதை நம்பிக்கையில் மட்டும் ஓட்டுகிறோம். நூல் அறுந்தால் தறி நிற்கும் என்ற பாடத்தில் பிறந்த வண்டி அது. நாங்களோ விளக்கு எரிந்தால் அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டுகிறோம்.

வான் சாரதிமாரைக் குறை சொல்ல எழுதவில்லை. டயர் விலை, டீசல் விலை அவர்களுக்குத்தான் தெரியும். பெற்றோர் மாதக் காசை இரண்டு மாதம் பிந்திக் கொடுத்தால் அவர் பிரேக் லைனரை எதில் மாற்றுவார்? இரண்டு பக்கமும் பொறுப்பு இருக்கிறது.

எங்கள் வானை விற்கவில்லை. இப்போதைக்கு மூன்று வீட்டுக்கும் அது தேவை. எங்கள் மெக்கானிக் நானாவோடு பேசியிருக்கிறோம். வரும் சனிக்கிழமைகளில் காலை 8 மணியில் இருந்து, பிள்ளைகளை ஏற்றும் எந்த வானையும் கூலி இல்லாமல் பார்த்துத் தருவதாகச் சொல்கிறார். பிரேக், டயர், ஸ்டியரிங் மூட்டு, கதவுப் பூட்டு, பெல்ட் ஆகிய ஐந்தும். சாமான் மாற்ற வேண்டுமென்றால் அந்தச் செலவு மட்டும் உங்களுடையது. அதுவும் முடியாதவர்களுக்கு எங்களில் நாலைந்து பேர் சேர்ந்து ஏதாவது செய்யலாம். பெயரைப் பகிரங்கமாகச் சொல்லத் தேவையில்லை, உள்பெட்டியில் எழுதுங்கள்.

பெற்றோரே, இந்த மாதம் வான் காசு கொடுக்கும்போது "பிரேக் எப்ப பாத்தீங்க தம்பி?" என்று ஒரு வார்த்தை மரியாதையாகக் கேளுங்கள். நேரத்துக்குக் காசையும் கொடுங்கள்.

உங்கள் வீட்டு வான் கதைகளையும் கீழே எழுதுங்கள். 1990 இல் விட்டுவந்த வண்டிகளின் கதையும் இருந்தால் எழுதுங்கள். வாப்பா சொல்லாமல் போனதை யாராவது சொல்லட்டும்.