உறையூர் தந்த பாணர்

வேல்ஸ் தேசத்தில் 'லான்' என்று தொடங்கும் ஊர்கள் அநேகம். அச்சொல் கோயிலைக் குறிக்கும். அதையடுத்து வருவது பெரும்பாலும் ஒரு பழைய அடியாரின் திருநாமம். லான்டெய்லோ என்றால் 6-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த டெய்லோவின் கோயில். ரோமாபுரியின் அங்கீகாரத்திற்குக் காத்திராமல், ஜனங்களே இவர்களில் பெரும்பாலோரை மகான்களாகக் கொண்டாடினர்.

நம் திருச்சியிலும் அத்தகைய அடியார் ஒருவர் உண்டு. எடமலைப்பட்டி புதூரிலிருந்து வடக்கு நோக்கிச் சென்றால், சோழரின் பழைய தலைநகரான உறையூரை அடையலாம். திருப்பாணாழ்வார் அவதரித்த ஸ்தலம் அதுவே. கமலவல்லி நாச்சியார் கோயிலில் அவருக்குச் சந்நிதி இருக்கிறது.

பாணர் குலத்தில் வளர்ந்த அவர், அரங்கத்தினுள் அடிவைக்கத் துணியாமல் காவிரியின் தென்கரையில் நின்றே பாடிவந்தாராம். வழிவிடாத அவர்மீது லோகசாரங்க முனிவர் கல்லெறிந்தார், குருதி பெருகியது. அன்றிரவு அரங்கன் ஆணையிட, மறுநாள் அம்முனிவரே அவரைத் தோளில் சுமந்து சந்நிதிக்கு எடுத்துச் சென்றார். ஆகவே 'முனிவாகனர்' என்ற பெயர் வந்தது. அவர் பாடிய 'அமலனாதிபிரான்' பத்தே பாசுரங்கள். ஆயினும் திவ்யப் பிரபந்தத்தில் அதற்கு நிலையான இடம்.

கதை இத்துடன் முடியவில்லை. ஆழ்வாரை உள்ளே வைத்துப் பூஜித்த நாமே, தாழ்த்தப்பட்டோரைப் பல நூற்றாண்டுகள் வாசலுக்கு வெளியே நிறுத்தினோம். 1939-இல் மதுரை மீனாட்சி கோயிலில் ஆலயப் பிரவேசம் நடந்தது. 1947-இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் சட்டம் பிறந்தது. முனிவர் ஒரே நாளில் உணர்ந்ததை உணர, நமக்கு அத்தனை காலம் பிடித்தது!

உறையூர் செல்வோர் தங்கள் குழந்தைகளுக்கு இவ்விரு கதைகளையும் சேர்த்தே சொல்வார்களாக.