பதுளைக் கடைத்தெருவில் தோட்டத்துப் பிள்ளைகள்

ஹப்புத்தளைப் பட்டினத்திலிருந்து தம்பேதன்னைத் தோட்டத்துக்குச் செல்லும் பாதை ஏறக்குறையப் பத்துக் கிலோமீற்றர் நீளமுடையது. ஒருபுறம் மலைச்சுவர், மறுபுறம் தென்சமவெளி வரை சரிந்திறங்கும் பள்ளத்தாக்கு. பனிமூட்டம் விலகுமுன் சென்றால் உலகமே இப்பாதையளவுதான் என்று தோன்றும். மூட்டம் கலைந்த பின்னரோ மலைமேல் மலையாகத் தேயிலை, இடையிடையே லயங்கள், ஒரு வளைவில் வெள்ளையடித்த சிறு மாரியம்மன் கோவில். ஆடி, ஆவணி மாதங்களில் வறண்ட கச்சான் காற்று இம்மலைகளில் மோதுங்காலத்தில்தான் ஊவாத் தேயிலைக்கு அதன் தனிமணம் சேர்கிறது.

பாதையின் முடிவில் நிற்கும் தொழிற்சாலை 1890ஆம் ஆண்டில் எழுந்தது. அதை எழுப்பிய தோமஸ் லிப்டனின் பெயர் பலசரக்குக் கடைகள் தோறும் பழகிய பெயர். அவர் பெருஞ்செல்வர் என்பதை எல்லோரும் அறிவர்; ஒரு சிறு கடைக்காரரின் மகன் என்பதை அறிந்தோர் சிலரே. அயர்லாந்தின் பஞ்ச காலத்தில் குடிபெயர்ந்து கிளாஸ்கோ நகரை அடைந்த பெற்றோர், அங்கே வெண்ணெயும் முட்டையும் விற்று வயிறு வளர்த்தனர். பிறந்த பிள்ளைகளுள் மற்றவர் யாவரும் குழந்தைப் பருவத்திலேயே மாண்டனர். தோமஸ் ஒருவரே எஞ்சினார். எஞ்சிய அந்த ஒரே மகனும் பதின்ம வயதிலேயே அமெரிக்காவுக்குக் கப்பலேறினார் என்றால், அந்தத் தாயின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! சில ஆண்டுகள் கழித்து அவர் திரும்பியபோது தாய்க்கென ஒரு பீப்பாய் மாவும் ஓர் ஆடுநாற்காலியும் கொண்டுவந்தார் என்று கூறுவர். சிறிது காலம் பெற்றோரின் கடையிலே துணைநின்றார். 1871இல் தமக்கெனத் தனிக்கடை திறந்தார். தாய் 1889இலும் தந்தை 1890இலும் காலமாயினர். அதே 1890இல்தான் அவர் இலங்கைக்கு வந்து இம்மலையை வாங்கினார். மகன் வாங்கிய மலையைக் காணும் பேறு பெற்றோருக்குக் கிட்டவில்லை.

தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கேத்தலுக்கு என்று தமது தேயிலையை அவர் விளம்பரம் செய்தார். நேரே என்ற சொல்லுக்குள் எத்தனை ஆயிரம் கைகள் மறைந்துகிடந்தன என்பதை விளம்பரம் சொல்லவில்லை. அது விளம்பரத்தின் இயல்பு. அக்கைகள் மதுரை, திருச்சி, இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து வந்த நம்மவர் கைகள்.

இன்று லிப்டன் ஆசனம் என்னும் மலையுச்சிக்கு ஏறுவோர் அங்கே ஒரு சிறு கடையில் சுடச்சுட ரொட்டியும் தேநீரும் பெறலாம். அதைக் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி சிறிதன்று. கீழேயுள்ள எல்லயிலும் பண்டாரவளையிலும் பதுளையிலும், தோட்டத்து லயங்களில் பிறந்த இளைஞர் பலர் இப்போது சாப்பாட்டுக் கடை நடத்துகின்றனர். கொழும்பு உணவகங்களிலே கோப்பை கழுவித் தொழிலைத் தொடங்கியவர்கள் அவர்களுட் பலர். ரொட்டி தட்டவும் கொத்தவும் அங்கே கற்றுக்கொண்டு ஊர் திரும்பியவர்கள்.

பதுளைப் பேருந்து நிலையத்துக்கு அண்மையில் அத்தகைய கடை ஒன்று உண்டு. ஆறு மேசைகள், சுவரில் முருகன் படம், வாசலில் இரும்புத் தட்டு. மாலை ஐந்து மணிக்குமேல் அத்தட்டில் இரு தகடுகளும் தாளமிடத் தொடங்கினால் தெருமுனைவரை கேட்கும். கடைக்காரத் தம்பி பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலே பிறந்தவன். அவனுடைய தாயும் தந்தையும் எனக்கு நீண்டகாலப் பழக்கமுள்ளவர்கள்.

ஊழியர் சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுக்கலாம் என்பது சட்டம். தாய் ஐம்பதை எட்டியதும் அப்பணம் முழுவதையும் மகன் கையிலே கொடுத்துவிட்டார். முப்பது ஆண்டுக் கொழுந்து, ஓர் இரும்புத் தட்டும் ஆறு மேசைகளுமாயிற்று. தந்தைக்கு அதில் சம்மதமில்லை. மகன் மீது அன்பில்லாமலன்று. அவருடைய அச்சம் வேறு. குடும்பத்தில் ஒருவர் பெயராவது செக்ரோலில் இருக்கும்வரைதான் லயத்து அறை நம்முடையது என்ற எண்ணம் தோட்டத்து முதியோர் மனத்தில் ஆழப் பதிந்துள்ளது. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் காணியுறுதி இல்லாதவர்கள் வேறெவ்வாறு எண்ணுவர்? "கடை இன்னைக்கு இருக்கும், நாளைக்குப் போகும்ங்க சார். லயம் போயிட்டா எங்கே போய் நிக்கிறது?" என்று என்னிடம் கேட்டார்.

அவர் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவருடைய பெற்றோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் அவருடைய அண்ணன் குடும்பத்தோடு இந்தியாவுக்குச் சென்றார். அந்நாளில் மலைநாட்டில் ஒருவரை வழியனுப்புவது என்றால் புகையிரத நிலையத்தில் கட்டிப்பிடித்து அழுவது, பின்னர் தலைமன்னாரில் கப்பல், அதன்பின் கடிதம், அதன்பின் கடிதமும் இல்லை. அந்தப் பிரிவைக் கண்ட மனிதருக்குப் பசறையிலிருந்து பதுளை ஒரு தூரமா என்று நாம் கேட்கலாம். தூரத்தை அவர் மைல்களால் அளக்கவில்லை.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி அவர் அச்சத்துக்குச் சான்று கூறியதுபோல் வந்தது. கோதுமை மாவின் விலை ஏறியது. சமையல் எரிவாயுவோ பணங்கொடுத்தாலும் கிடைக்கவில்லை. கடை மூடப்பட்டது. மகன் லயத்துக்குத் திரும்பினான். அவன் பெயரைச் செக்ரோலில் பதிவதற்கு அதுவே தருணமென்று தந்தை கருதினார். ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்காகத் தொழிலாளர் பல்லாண்டு போராடி, 2021இல்தான் அது வர்த்தமானியில் வெளிவந்திருந்தது. தாய் மட்டும் ஒன்றும் பேசாமல் மகனுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

ஒரு மாதம் கழிந்தது. தோட்டத்தில் அப்போது கவ்வாத்து நடந்துகொண்டிருந்தது. வெட்டிய தேயிலை மிலாறுகளை விறகுக்காகத் தொழிலாளர் வீட்டுக்கெடுத்துச் செல்வது வழக்கம். தந்தை தமது பங்கைக் கட்டுக்கட்டாகக் கட்டி லயத்து வாசலில் அடுக்கினார். மழைக்காலத்துக்குச் சேமிக்கிறார் என்று வீட்டார் நினைத்தனர். ஒருநாள் விடியற்காலையில் தெரிந்த ஒருவரின் சிறு லொறியிலே அவ்வளவையும் ஏற்றி, தாமும் ஏறிக்கொண்டு, "எரிவாயு இல்லாட்டி என்னடா? வா, அடுப்புக் கட்டு" என்று மகனை அழைத்தார். கடையின் பின்கட்டில் செங்கல்லும் களிமண்ணும் கொண்டு அடுப்பமைத்துக் கொடுத்தவரும் அவரே. அன்றிரவே தட்டு மீண்டும் தாளமிட்டது. செக்ரோல் பேச்சை அவர் அதன்பின் எடுக்கவில்லை.

மகனை அவையில் முந்தியிருக்கச் செய்வது தந்தையின் கடன் என்று வள்ளுவர் வகுத்தார். அவை என்பது ஆறு மேசைகளாகவும் இருக்கலாம் என்பது என்னுடைய அபிப்பிராயம்.

தந்தை இப்போதும் லயத்திலேதான் இருக்கிறார். பட்டினத்துக்கு வந்து தன்னுடன் தங்கும்படி மகன் அழைத்தும் இசையவில்லை. மாதத்தில் ஒருமுறை கடைக்கு வருகிறார். அவர் கடையிலிருந்த ஒரு மாலையில் நானும் சென்றிருந்தேன். கல்லாவுக்கருகே நாற்காலி போட்டிருந்தும் அதில் அமராமல், வாடிக்கையாளரைப் போல மூலை மேசையிலே அமர்ந்து தேநீர் கேட்டார். ஒரு மிடறு குடித்துவிட்டு, "தூள் மட்டம்" என்றார். ஒன்பது வயது முதல் தேயிலையோடு பழகிய நாக்கு அல்லவா? மகன் சிரித்தான். "நல்ல தூளெல்லாம் கப்பலேறிப் போயிடுதே அப்பா, நமக்கு எங்கே?" என்றான்.

அவர் மறுமொழி கூறவில்லை. கோப்பையை முழுவதும் குடித்து முடித்தார். பசறைப் பேருந்துக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. பின்கட்டுக்குச் சென்று, இப்போது எரிவாயு கிடைப்பதனால் அவ்வளவாகப் பயன்படாத அந்த மண்ணடுப்பைக் குனிந்து பார்த்து, விளிம்பில் விழுந்திருந்த வெடிப்பிலே விரலை வைத்து, "அடுத்த மாசம் வாறப்போ மண் கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.