டப்!

காலைல ஆறு மணி. வீடே தூங்குது.
ஃப்ரிட்ஜ்ல இருந்து பிஸ்கட் மாவு டப்பாவ எடுத்து, மேல சுத்தியிருந்த தாள உரிச்சேன். அட்டை சேர்ற எடத்துல ஸ்பூனால ஒரு அழுத்து.

டப்!

அமெரிக்கா வந்து பதினோரு வருஷம் ஆச்சு. இன்னும் கண்ண மூடிக்கிட்டு, கைய தூரமா நீட்டித்தான் திறக்கறேன். லட்சுமி வெடிக்குத் திரி பத்த வைக்கிற மாதிரி.

(இங்க பிஸ்கட்னா டீல முக்கறது இல்ல. பன்னுக்குத் தம்பி.)

இந்த டப்பா மாவக் கண்டுபிடிச்சவர் கென்டக்கில லூயிவில் ஊர் பேக்கர், லைவ்லி வில்லபி. 1931-ல காப்புரிமை. பேரே லைவ்லி! மாவும் அப்படித்தான். அதுல இருக்கற சோடாவும் அமிலமும் டப்பாக்குள்ளயே மெதுவா வேலையப் பாத்து வாயுவ விடும். மாவு உப்பி, உள்ள இருக்கற காத்த வெளிய தள்ளி, அட்டையோட நெருக்கிக்கிட்டு நிக்கும். அந்த அழுத்தம்தான் அந்த டப். மிச்ச உப்பல் ஓவன் சூட்டுக்கு.

நம்ம இட்லி மாவுக்கும் இதே சேட்டைதான். என்ன, அது சத்தமே போடாம ராத்திரியோட ராத்திரியா ஃப்ரிட்ஜ் தட்டு முழுக்க வழிஞ்சிருக்கும்.

சரி, விஷயத்துக்கு வரேன். நான் அந்த பிஸ்கட் மாவ ஓவன்ல வைக்கல. ஒவ்வொரு மாவு வட்டத்தையும் தேய்ச்சு எண்ணெய்ல போட்டேன். சோளா பூரி! பந்து மாதிரி எழும்புச்சு.

மாமியார் ரெண்டாவது பூரியப் பிச்சுக்கிட்டே, "மாவு எப்பம்மா பிசைஞ்ச? பதமா இருக்கே"ன்னாங்க.
"நேத்து ராத்திரியே அத்தை."

டப்பா குப்பைத்தொட்டில மேலாப்புலயே கிடக்கு. அத்தை கை கழுவ எந்திரிக்கிறாங்க.

இப்ப என்ன பண்ண?