ஷாநாமாவின் மூலபாடம்

பாரசீகக் கவிஞர் ஃபிர்தௌசி ஷாநாமா காவியத்தை 1010-இல் முடித்தார். ஆண்டு குறித்த படிகளில் இன்றிருக்கும் மிகப் பழையது 1217-இல் எழுதப்பட்ட ஃப்ளாரன்ஸ் சுவடி. அதிலும் முற்பாதி மட்டுமே உண்டு. லண்டன் சுவடி 1276-ஐச் சேர்ந்தது. கவிஞருக்கும் முதல் சாட்சிக்கும் நடுவே இரண்டு நூற்றாண்டு வெற்றிடம். பாரசீகப் பாட ஆய்வு படும் பாடெல்லாம் அந்த வெற்றிடத்தோடுதான்.

1829-இல் டர்னர் மேக்கன் கல்கத்தாவில் நூல் முழுவதையும் அச்சேற்றினார். மாஸ்கோ பதிப்பு லண்டன் சுவடியைத் தழுவியது. குர்ஆன் உரை என்று தவறாகப் பட்டியலிடப்பட்டுக் கிடந்த ஃப்ளாரன்ஸ் சுவடியை ஆய்வாளர் பியெமொந்தெசே 1977-இல் அடையாளம் கண்டார். அதற்கு முதலிடம் தந்து பதிப்பாசிரியர் காலெகி மொத்லக் 1988 முதல் 2008 வரை எட்டுத் தொகுதிகள் வெளியிட்டார்.

பழைய படிகளில் எழுத்துகளை வேறுபடுத்தும் புள்ளிகள் அடிக்கடி விடுபடும். சொல்லின் நடுவே நிற்கும் ஒற்றைப் பல், புள்ளி இல்லையென்றால், பே, தே, நூன், யே ஆகிய எழுத்துகளில் எதுவாகவும் இருக்கலாம். இங்கே யாப்பு துணை செய்யும்: அடிக்கு 11 அசை, குறில் நெடில் வரிசை மாறாது; பொருந்தாத வாசிப்பு தானே விழுந்துவிடும்.

யாப்பு கைவிடும் இடம்தான் உண்மையான சிக்கல். படியெடுத்தவருக்கும் யாப்பு அத்துபடி. வழக்கொழிந்த சொல் ஒன்று வந்தால், அதே அளவில் தம் காலத்துச் சொல்லை வைத்து அடியைச் செப்பனிட்டுவிடுவார். பிழையான பாடம் சரளமாக ஓடும். மூலம் கரடுமுரடாக நிற்கும். ஆகவே கடினமான பாடத்தையே கொள்வது மரபு. ஆனால் கைப்பிழையும் கரடுமுரடாகத்தான் இருக்கும். இரண்டையும் பிரித்தறிய பல்அமி, பைஹகி போன்ற அக்கால உரைநடை ஆசிரியர்களில் ஊறியிருக்க வேண்டும். அந்தப் பயிற்சிக்கு ஆண்டுகள் பிடிக்கும், குறுக்குவழி கிடையாது.

அந்தப் பொறுமை இப்போது அருகிவருகிறது. திரையில் தேடி எடுத்த அடி, பதிப்பின் பெயர்கூட இல்லாமல் ஆய்வேட்டில் ஏறுகிறது. அடிக்குறிப்பிலுள்ள பாடபேதங்களைப் பார்ப்பவர் சிலரே. ஃபிர்தௌசியின் பெயரில் வழங்கும், கஜினி சுல்தான் மஹ்மூதைப் பழிக்கும் வசைப்பாட்டு இதற்குச் சான்று. அதில் ஆறு ஈரடிகளே எஞ்சின என்று 12-ஆம் நூற்றாண்டிலேயே நிஜாமி அரூஸி எழுதிவைத்தார். பிற்காலப் படிகளிலோ அது நூற்றைத் தாண்டுகிறது. பல அடிகள் ஷாநாமாவின் வேறு இடங்களிலிருந்து எடுத்து ஒட்டப்பட்டவை. அவற்றைக் கொண்டு ஃபிர்தௌசியின் மனநிலையை விளக்கும் கட்டுரைகள் இன்றும் வருகின்றன; எந்தச் சுவடியில் எந்த அடி உள்ளது என்ற குறிப்பு அவற்றில் இருப்பதில்லை.